முந்தானையில் ஒரு மாப்பிள்ளை

வேலையை விட்டுப் போகிற பெண்ணை யாரும் முகம் சுளிக்காமல் வாழ்த்தி அனுப்பி வைக்கிற காரணம் எங்கள் ஆரணியில் ஒன்றே ஒன்றுதான். கல்யாணம். இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னால் துரோகி. கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்றால் மகராசி. இதை நான் தெரிந்து வைத்திருந்ததுதான் என்னைப் பிடித்த சனி. (கொஞ்சம் மண்டுவாக இருந்திருந்தால் பிழைத்திருப்பேன்.)

அப்போது நான் ஒரு பட்டுச்சேலை மொத்த வியாபாரக் கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். பி.காம். முடித்த கையோடு சேர்ந்த வேலை. முதலாளி ஏகாம்பரம் ரொம்ப நல்ல மனிதர். பிரச்சினையே அதுதான். சிடுமூஞ்சி முதலாளியாக இருந்தால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். இவர், எனக்கு டைபாய்டு வந்து படுத்திருந்தபோது தினமும் சேவூரில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு இளநீர் கொடுத்தனுப்பியவர்.

எனக்கு முன்பிருந்தே சுகுமார் என்று ஒருவர் அங்கே சேல்ஸ் பார்த்தார். வேலூரில் ஒரு ஷோரூமில் இடம் கிடைத்து அவர் கிளம்பிய அன்று, முதலாளி மத்தியானச் சாப்பாட்டு கேரியரைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார். "போவட்டும், நல்லா இருக்கட்டும்" என்று அவர் சொன்னதைக் கேட்டபோது, சுகுமார் ஏதோ கொலை செய்துவிட்டுப் போவது போல் எனக்கே தோன்றியது.

இந்த நிலையில்தான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் எனக்கு அக்கவுண்ட்ஸ் வேலை கிடைத்தது. சம்பளம் இரண்டு மடங்கு. கம்பெனி பஸ், கேன்டீன் எல்லாம் உண்டு. அந்த மெயிலைப் படித்து முடிக்கிற வரைக்கும் சந்தோஷமாக இருந்தேன். படித்து முடித்ததும் அந்தத் திறக்காத கேரியர் கண்முன் வந்து நின்றது. அதற்குப் பிறகு எனக்கும் சோறு இறங்கவில்லை. சொல்லிவிடலாம் என்று போகும்போதெல்லாம் மனிதர் எதையாவது செய்து என்னைக் கொன்றார். ஒருநாள் வாயைத் திறந்தேன், அதில் ஒரு பாதுஷாவை வைத்துவிட்டார். பேத்தி பிறந்த நாளாம்.

கடைசியில் ஒரு காலை, கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போய் நின்றேன்.

"சார், அடுத்த மாசத்தோட நான் நின்னுக்கறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா? யாராச்சும் எதுனா சொன்னாங்களா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல சார்."

"அப்புறம் இன்னா?"

அவர் முகம் சுகுமார் போன நாளின் முகமாக மாற ஆரம்பித்தது. அதை என்னால் பார்க்க முடியவில்லை. "கல்யாணம் சார்" என்றேன்.

முகம் அப்படியே மலர்ந்தது. உடனே வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் சொன்னார். கடைக்கே கேட்கிற மாதிரி, "நம்ம சங்கீதாவுக்குக் கல்யாணம்பா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளை பேரு இன்னா?" என்று கேட்டார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. மேஜை மேல் கோயம்புத்தூருக்குப் போக வேண்டிய பார்சல் ஒன்று இருந்தது. அதில் இருந்த பெயரைப் படித்தேன். "மணிகண்டன் சார்."

"இன்னா பண்றாரு?"

"பார்சல் ஆபீஸ்ல மேனேஜர் சார்." (பார்சலைத் தாண்டி என் கற்பனை ஓடவில்லை.)

"நல்லது. முகூர்த்தச் சேலை என் பொறுப்பு. பட்டுக்கடைப் பொண்ணு போய் வெளியில சேலை எடுக்கறதா? நம்ம தறியிலயே போட்டுடலாம். இன்னா கலர் புடிக்கும்?"

இந்த இடத்திலாவது நான் அடக்கமாக இருந்திருக்கலாம். எதுவானாலும் சரி சார் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எத்தனையோ பேருக்குப் பில் போட்டு ஏங்கிய கை. "அரக்கு சார். மயில்கழுத்து பார்டர்" என்றேன்.

சேலை நெய்து வருவதற்குள் நான் போய்விடுவேன், அதற்குப் பிறகு கல்யாணம் நின்றுபோய்விட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். பழியை மாப்பிள்ளை வீட்டார் மேல் போட்டுவிடலாம். ஆனால் திட்டம் போட்டவளுக்கு நிம்மதி இல்லை. கடையில் எல்லோரும் வாழ்த்த வாழ்த்த நான் இளைத்துக்கொண்டே போனேன். அதைப் பார்த்து, கல்யாணக் கவலை என்று முதலாளி பாதி நாள் லீவு கொடுத்தார். இப்படி ஒரு மனிதரை ஏமாற்றுகிறேனே என்று டவுன் பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன். செத்துப்போய்விடலாம் போல் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வெளியே வந்தால், வீட்டு வாசலில் முதலாளியின் கார். அவர் மனைவி கையில் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, பூ, பழம், அட்டைப்பெட்டியில் சேலை.

ஒரு நாளாவது நம் வீட்டு வாசலுக்கு யாராவது தட்டோடு வர மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்தவள் என் அம்மா. அவர்களை உட்காரவைத்துவிட்டு, மூச்சு வாங்கக் கேட்டாள்.

"பையன் உங்க சொந்தக்காரப் பையனுங்களா?"

"எந்தப் பையன்மா?" என்றார் முதலாளி.

"பொண்ணு கேட்டுத்தானே வந்திருக்கீங்க?"

அம்மா வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்து அவர் சிரித்தார். "அதான் மாப்பிள்ளை முடிவாயிடுச்சே. மணி தம்பியத்தான் நாங்க இன்னும் பார்க்கல."

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "எந்த மணி?"

முதலாளியின் மனைவி பெட்டியைத் திறந்து சேலையை விரித்தார். அரக்கு. மயில்கழுத்து பார்டர். முந்தானையில் இரண்டு மயில்கள், அவற்றுக்கு நடுவே ஜரிகையில் 'சங்கீதா - மணி'. இப்போதெல்லாம் முகூர்த்தச் சேலையில் மணமக்கள் பெயரைப் போட்டு நெய்து கொடுக்கிறார்கள். நாள் பூராவும் அந்தக் கடையில் உட்கார்ந்திருந்த எனக்கு அது தெரியாததா, பெயரைச் சொன்னபோது தோன்றவில்லை. அந்த நிலைமையிலும், இவ்வளவு அழகான சேலையை நான் பார்த்ததே இல்லை என்று ஒரு மனசு சொன்னது.

"புது வேலை கெடைச்சிருக்குன்னுதானே எங்ககிட்ட சொன்னா?" என்றார் அப்பா.

"எங்ககிட்ட கல்யாணம்னுதானே சொல்லிச்சு?" என்றார் முதலாளி.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வீட்டில் வேலை என்று பொய் சொல்லிவிட்டு நான் மணியோடு ஓடிப்போகப் பார்க்கிறேன் என்ற முடிவுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே, "யாரா இருந்தாலும் பரவால்லடி. ஓடிப்போவாத. கூட்டிக்கினு வா, நாங்களே பண்ணி வெக்கறோம்" என்றாள்.

"மணின்னு யாருமே இல்லம்மா" என்றேன்.

அம்மா அழ ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். முதலாளியின் மனைவிகூட, "நல்ல பையன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்று பெருமூச்சு விட்டார்.

நான் போனில் இருந்த ஆஃபர் லெட்டரைத் திறந்து முதலாளியிடம் நீட்டினேன். அவர் அதைக் கடைசி வரி வரைக்கும் படித்தார். படித்துவிட்டு, "வேலைதானா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சொல்லியிருந்தா ரெண்டு நாள் சோறு எறங்காது. அப்புறம் சரியாப் பூடும். எனக்கு ஒரு வேலை கெடைச்சிருக்குன்னு என்கிட்ட வந்து சொல்ல முடியாத அளவுக்கு நான் உன்னை இன்னாம்மா பண்ணேன்?"

அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"சேலையை எடுத்துட்டுப் போயிடுங்க சார்" என்று மட்டும் சொன்னேன்.

"எடுத்துகினு போயி? ஊர்ல சங்கீதா இருக்கலாம், மணியும் இருக்கலாம். ரெண்டு பேரும் ஒண்ணா சேர்ந்து வந்து சேலை கேக்கணுமே" என்றார். காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனார். அந்த மரியாதைதான் இன்னும் வலித்தது.

புது வேலையில் சேர்ந்தேன். ஊருக்கு வரும்போது கடைத்தெரு வழியாகப் போக வேண்டுமே என்று சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போவேன். அம்மாவோ, முழு ஜரிகைச் சேலை வீணாகக் கூடாது என்று தரகரிடம் முதலில் மணி என்று யாராவது இருக்கிறார்களா என்று கேட்க ஆரம்பித்தாள். கலசப்பாக்கத்திலிருந்து ஒரு சுப்பிரமணி பெண் பார்க்க வந்தார். (முன்னால் 'சுப்பிர' இருந்தால் பரவாயில்லை என்பது அம்மாவின் கணக்கு.) ஆர்வக்கோளாறில் அம்மா அன்றைக்கே சேலையை எடுத்துக் காட்டிவிட்டாள். பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளை பெயர் போட்ட முகூர்த்தச் சேலை தயாராக இருப்பதைப் பார்த்து அவர்கள் மிரண்டுபோய்க் கிளம்பினார்கள்.

அதற்கு வெகுநாள் கழித்துத்தான் செந்தில் வந்தார், கல்யாணம் முடிவானது. பத்திரிகை கொடுக்க அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு வழியாகக் கடைக்குப் போனேன். கடையில் இப்போது ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது என்று பில் போடுகிற பெண் சொன்னாள். வேலை கிடைத்துவிட்டது என்று யார் வந்து சொன்னாலும் முதலாளி கை கொடுத்து அனுப்பிவிடுகிறாராம். கல்யாணம் என்று சொன்னால் மட்டும், மாப்பிள்ளையை நேரில் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறாராம்.

முதலாளி செந்திலை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, நெஜமாவே நீங்கதானா?"

"ஆமாங்க" என்றார் செந்தில், ஒன்றும் புரியாமல்.

அவர் உள்ளே போய் ஒரு சேலையை எடுத்து வந்து என் கையில் வைத்தார். "இதுல பேரு எதுவும் போடலம்மா" என்றார். குத்திக்காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்ட செந்திலிடம் வழியெல்லாம் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதாயிற்று.

போன வாரம் எனக்கு இன்னொரு கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. இப்போதைய மேனேஜரும் நல்ல பெண்மணி. சொன்னால் மனசு கஷ்டப்படுவார். என்ன செய்வது என்று தெரியாமல் சமையலறையில் வந்து நின்று, "வேலையை விடலாம்னு இருக்கேன், எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றேன்.

செந்தில் பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டார்:

"இந்தத் தடவ மாப்பிள்ளை பேரு இன்னா?"