பூச்சி இருப்புச் சான்று

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் குடியிருக்கும் ஒருவர் தம் வீட்டில் கரப்பான் பூச்சிக்கு மருந்து அடிக்க விரும்பினால், முதலில் கரப்பான் பூச்சி இருக்கிறது என்று வட்டாரப் பூச்சி அலுவலகத்தில் சான்று பெற வேண்டும். நியாயம்தானே? இல்லாத பூச்சிக்கு அடித்து அரசாங்க மருந்தை வீணாக்கலாமா? ஏரித் தண்ணீர் கெட்டுப்போகும் என்று தனியார் மருந்துக்கும் தடை.

மூன்றாம் மாடி விஜிக்கு இது தலைபோகிற அவசரம். ஞாயிற்றுக்கிழமை அவள் தங்கை பவ்யாவைப் பெண் பார்க்க ஆவடியிலிருந்து வருகிறார்கள். போன வரன், கேசரியில் முந்திரி என்று எடுக்கப் போனது நகர்ந்துபோனதால் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் உன் வீட்டு வாசப்படியே மிதிக்க மாட்டேன் என்று பவ்யா சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குக் கள ஆய்வாளர் பூபாலன் வந்தார். சமையலறையை ஆழ்ந்து நோக்கினார்.

"இன்னாம்மா, ஒண்ணியும் காணோம்?"

"இருட்டினாத்தான் சார் வரும்."

"நம்ம ஆபீஸ் டைம் பத்துலேர்ந்து அஞ்சு. அதுக்குள்ள ஆஜராவணும். அஞ்சு பூச்சி, உசுரோட, கண்ணாடி பாட்டில்ல புட்ச்சி வையி. புதங்கெழமை வர்றேன்."

துடைப்பமும் கையுமாக அலைந்ததில் புதன் காலைக்குள் மூன்றுதான் சிக்கின. விஜி அழாத குறையாக எதிர் வீட்டு ராபியாவிடம் போய் நின்றாள்.

"அட, இதுக்கா மூஞ்சிய தூக்கி வச்சிக்கினு நிக்கிற? நான் போன வாரமே சான்று வாங்கிட்டேன். அந்த அஞ்சும் பாட்டில்ல சும்மாத்தான் கீது, எடுத்துகினு போ" என்றாள் ராபியா.

அப்படித்தான் விஜிக்குச் சான்று கிடைத்தது. பாட்டிலைத் திருப்பித் தரும்போதுதான் சங்கடம். பாயசம் வந்த கிண்ணத்தில் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத் தருகிற குடும்பம் அவளுடையது. வாங்கினதை வாங்கினபடியே நீட்டினால் என்ன மரியாதை? தன் மூன்றையும் போட்டு எட்டாகக் கொடுத்தாள். ராபியா மனம் குளிர்ந்து, அதை விஜி கையாலேயே, சான்றுக்குக் காத்திருந்த ஐந்தாம் மாடி சாவித்திரிக்குக் கொடுத்தனுப்பினாள். அங்கிருந்து அது வீடு வீடாகப் போயிற்று. அந்தக் கட்டடத்தில் மரியாதை தெரியாதவர் யாரும் இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசி வீட்டில் பூபாலன் பாட்டிலை உயர்த்தி, ஒரு பக்க மீசை ஒடிந்த பூச்சி ஒன்றை உற்றுப் பார்த்தார்.

"இந்த அரை மீசைக்காரன எங்கியோ பாத்தா மாரி கீதே."

"எல்லாம் ஒரே குடும்பம் சார், ஜாடை அப்படித்தான் இருக்கும்" என்றாள் கூட நின்ற சாவித்திரி. அவரும் 'உறவுமுறை உறுதி செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை மருந்து அடித்தார்கள். ஞாயிறு காலை விஜி வீட்டில் ஒரு பூச்சி இல்லை. மாப்பிள்ளையின் அம்மா முத்தம்மாள் கேசரியைக் கிளறிக் கிளறிப் பார்த்துவிட்டுத் திருப்தியாக ஒரு வாய் சாப்பிட்டார். பவ்யா தலை குனிந்தபடியே சிரித்தாள்.

அப்போது பார்த்து மணி அடித்தது. சாவித்திரி.

"பாட்டிலைத் தர மறந்தே போச்சு விஜி. வெறுமனே தருவேனா?" என்று கூடத்து மேசையில், கேசரித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே கழுத்து வரை கரப்பான். அரை மீசை மேலே நின்று எல்லாரையும் பார்த்தது.

பவ்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது... எங்க வீட்டுதில்லைங்க" என்றாள் விஜி.

முத்தம்மாள் பாட்டிலையே வெறித்துப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"யார் ஊட்டுதா இருந்தா இன்னாம்மா? நாங்களும் பருத்திப்பட்டு ஏரிக்கரைதான். நாளைக்கு அந்தப் பூபாலன் வர்றாரு. மூணு நாளா தேடி ரெண்டுதான் ஆப்டுச்சு. இத எடுத்துகினு போவட்டுமா?"

சம்பந்தம் அங்கேயே முடிவாயிற்று.

அடுத்த மாதம் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பழம், பூ, புடவை என்று பதினோரு தட்டு கொண்டுவந்தார்கள். பதினோராவது தட்டில், சிவப்பு ரிப்பன் கட்டி, கரப்பான் பாட்டில். முன்பைவிடப் பெரிய பாட்டில். அதுவும் நிறைந்திருந்தது.

விஜி அதைப் பத்திரமாக உள்ளே கொண்டுபோய், மூடியைச் சற்றே திறந்து ஒரு பிஸ்கட் துண்டு போட்டாள். ஆறு மாதத்தில் சான்றைப் புதுப்பிக்க வேண்டுமே.