டிவி ஸ்டாண்டைச் சுற்றி ஆறடி

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கியது, சக்கரத்தில் வளர்ந்தது, எங்கள் வீட்டு ஹாலில் டிவி ஸ்டாண்டைச் சுற்றியுள்ள ஆறடி இடத்தில் முழுமை பெற்றது. இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. ஓர் அலுவலகத்தின் கோப்புப் பிரிவுக்குத் தலைமை வகிப்பவன் நான். ஆதாரமில்லாமல் எதையும் சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது.

சீர்திருத்தத்துக்கு முன்பு அந்த இடம் கிடந்த கோலத்தை எழுதவே கை கூசுகிறது. மேல்தட்டில் அப்பாவின் மாத்திரை டப்பா, மூக்குக் கண்ணாடி. கீழ்த்தட்டில் மகளின் கலர் பென்சில்கள், ஒரு ஸ்க்ரூ டிரைவர், குடை, மனைவி தினமும் தேடி தினமும் அங்கேயே கண்டெடுக்கும் வீட்டுச் சாவி. எதிரே நான்கடி தூரத்தில் அப்பாவின் பிரம்பு நாற்காலி. சுருக்கமாகச் சொன்னால், அந்த இடத்தை ஆட்கள் 'பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்'.

எங்கள் உயர் அதிகாரியின் வீட்டு விருந்தில்தான் எனக்குக் கண் திறந்தது. அவர் வீட்டு ஸ்டாண்டில் ஒரு குடுவை, ஒரு கல், அவ்வளவுதான். அந்தக் கல்லை எல்லோரும் பாராட்டினார்கள். நான் இரண்டு முறை பாராட்டினேன்.

மறுநாள் மாலை குடும்பக் கூட்டத்தைக் கூட்டினேன். பொருள்: ஹால் மேம்பாடு. வருகை: மனைவி, அப்பா, மகள். வீட்டுப்பாடம் காரணமாக மகள் பாதியில் வெளிநடப்பு செய்தாள். தீர்மானம் ஒருமனதாக, அதாவது என் ஒரு மனதாக, நிறைவேறியது.

அலங்கார ஆலோசகர் வந்தார். கண்ணாடியை நெற்றியில் போட்டிருந்தார். சிந்தனைக்கும் பார்வைக் கோளாறு உண்டு போலும். ஹாலின் நடுவில் நின்று கண்ணை மூடினார்.

"சார், உங்க ஹால் மூச்சு விட முடியாம திணறுது."

"ஜன்னலைத் திறக்கட்டுமா?" என்றாள் மனைவி.

"இங்க வேண்டியது வெற்றிடம், மேடம். வெற்றிடமும் ஒரு அலங்காரப் பொருள்தான்."

"அதுக்கும் நான்தான் தினம் தூசி தட்டணுமா?"

நான் அவரிடம் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையோடு அப்பாவின் நாற்காலியைச் சுற்றி வந்தார்.

"இது கண்ணுக்கு ஒரே இரைச்சலா இருக்கு சார்."

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "என்ன சொல்றாரு?" என்றார்.

"உங்க நாற்காலி சத்தம் போடுதாம், மாமா."

"உட்கார்ந்தா போடும்தான். ஒரு ஆணி அடிச்சா சரியாயிடும்."

பத்தே நாளில் பணி முடிந்தது. நாற்காலி பால்கனிக்கு 'இடமாற்றம்' செய்யப்பட்டது. அதைப் பதவி உயர்வு என்றே கொள்ள வேண்டும். அங்கே காற்று வரும், மழையும் வரும். அது இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கம்பளம். அதில் கால் வைக்கக் கூடாது. ஸ்டாண்டின்மேல் ஒரே மாதிரியான மூன்று மூங்கில் பெட்டிகள், தலையில்லாத ஒரு சிலை, யாரும் படித்து அழுக்காக்கிவிடாதபடி பக்கங்கள் ஒட்டப்பட்ட ஐந்து புத்தகங்கள். இடப்பக்கம் ஆளுயரப் பிளாஸ்டிக் செடி. டிவிக்குப் பின்னால் நீல வெளிச்சம்.

அப்பா முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். குனிந்து டிவிக்குப் பின்னால் பார்த்தார்.

"ஹெட்லைட்டை ஏன்டா பின்னாடி மாட்டியிருக்க?"

"அது சூழல் விளக்குப்பா."

"சரி. நான் எங்க உட்கார்றது?"

"அந்த ஓரமா நின்னு பார்த்தா கோணம் நல்லா இருக்குமாம். ஆலோசகரே சொன்னாரு."

"டிவிக்கு ஸ்டாண்டு. எனக்கு ஸ்டாண்டிங்கா?"

அப்பாவின் நகைச்சுவை உணர்வை நான் எப்போதுமே மெச்சுவேன்.

அன்று மாலை கால்பந்து இறுதிப் போட்டி. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கோல் விழுந்தது.

"எத்தனைக்கு எத்தனை?"

"ஸ்கோர் செடிக்குப் பின்னாடி இருக்கு தாத்தா," என்ற மகள், அதை நகர்த்த எழுந்தாள்.

"தொடாதே! சமநிலை!" என்று அலறினேன்.

"அப்போ டிராவா?" என்றார் அப்பா.

மறுநாள் காலை அவர் ரத்த அழுத்த மாத்திரையைத் தேடினார். முதல் பெட்டியில் கூழாங்கற்கள். இரண்டாவதில் காய்ந்த பூக்கள். மூன்றாவதில் இன்னொரு பெட்டி. மனைவி வீட்டையே புரட்டி, பால்கனியில் நான் குவித்துவைத்திருந்த பழைய சாமான்களில், குடைக்குள்ளிருந்து டப்பாவைக் கண்டெடுத்தபோது மணி பதினொன்று. அதற்குள் அப்பா தலை சுற்றித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த நிலையிலும் கம்பளத்தில் அவர் கால் படவில்லை என்பதை நன்றியோடு பதிவு செய்கிறேன். மனைவி டப்பாவைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதன்பின் அப்பா மாலை நேரங்களில் காணாமல் போகத் தொடங்கினார். பிறகு மகள். பிறகு மனைவியும். ஹால் கடைசியில் மூச்சு விட்டது. நான் மட்டும் வெற்றிடத்தை அனுபவித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் டீ கேட்டுக் குரல் கொடுத்தேன். வெற்றிடம் பதில் சொல்லவில்லை.

தேடிக்கொண்டு படியிறங்கினேன். கீழ்வீடு தையல்கார அக்காவுடையது. எவ்வளவு பின்தங்கிய ஹால்! ஒரு பழைய இரும்புப் பெட்டியின்மேல் டிவி. அதைச் சுற்றி நூல்கண்டுகள், கத்திரிக்கோல், டேப், பாதி தைத்த சட்டை, புதிதாக வந்து சேர்ந்த மாத்திரை டப்பா. துணி மூட்டையில் காலை நீட்டி, வாடிக்கையாளர் நாற்காலியில் அப்பா. தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டு மகள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டு மனைவி. அக்காவோடு சேர்த்து நால்வரும் எதற்கோ ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

"உங்க வீட்டு டிவி ரிப்பேரா சார்?" என்றார் அக்கா.

"இல்லையே, பிரமாதமா இருக்கு."

"அப்புறம் ஏன்?"

இதற்கு என்னிடம் கோப்பு எதுவும் இல்லை. இன்னொரு துணி மூட்டையில் உட்கார்ந்தேன். டிவியில் ஏதோ ஒரு மேட்ச். ஸ்கோர் தெளிவாகத் தெரிந்தது. எழுந்து போக ஏனோ மனம் வரவில்லை.

மறுநாள் என் வற்புறுத்தலின் பேரில் அக்கா மேலே வந்து எங்கள் ஹாலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலிலேயே நின்று, கழுத்தை நீட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தார். நானும் கூடவே கீழே இறங்கியதும், "கண்காட்சி மாதிரி இருக்கு சார்! எனக்கும் இந்த இடத்தை அப்படியே மாத்தணும். அந்த ஆலோசகர் நம்பரைக் கொடுங்களேன்," என்றார்.

ஒரு சீர்திருத்தவாதிக்கு இதைவிட என்ன அங்கீகாரம் வேண்டும்? பெருமிதத்தோடு போனை எடுத்தேன்.

வாடிக்கையாளர் நாற்காலியில் இருந்த அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"குடுக்காதடா. இங்கேருந்தும் இறக்கிவிட்டா, நான் எந்த வீட்டுக்குடா போவேன்?"