சனிக்கிழமை ஆறரை மணி ஆட்டமும் என் மகள் கல்யாணமும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி தொன் எவெலியோ அவர்களுக்கு, வில்லசெர்னாவிலிருந்து எமெதெரியோ தாழ்மையுடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி ரெமெதியோஸும் கல்யாணப்பெண் இனெஸும் சுகம். அங்கே தாங்களும் தங்கள் துணைவியாரும் மாப்பிள்ளை ருபேனும் சுகமாயிருக்கவும், தங்கள் முழங்கால் வலி திருமணத்துக்குள் தணியவும் வேண்டுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் தாங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். "அடுத்த வாரம் சனிக்கிழமை ஆறு மணிக்குப் பொண்ணைக் கூட்டிட்டு கோயிலுக்கு வருவீங்களா, மாட்டீங்களா?" பக்கத்தில் ரெமெதியோஸ் நின்றதால் நான் வெயிலைப் பற்றி ஏதோ உளறிவிட்டு வைத்துவிட்டேன். பெண்ணைப் பெற்றவன் பதில் சொல்லத் திணற வேண்டிய கேள்வியா அது? திணறினேன். ஏன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

கல்யாணத் தேதியைக் குறித்தது நான்தான். போன அக்டோபரில் உங்கள் வீட்டில் ஆட்டுக்கறி வறுவலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஜூன் மூன்றாம் சனிக்கிழமை என்று நானே சொன்னேன். அந்த நேரத்தில் கால்பந்து ஏதாவது குறுக்கே வருமோ என்று உங்கள் துணைவியார் கேட்டார்கள். நான் சிரித்தேன். முப்பத்தாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவன், நாற்பத்தொரு வருடம் வில்லசெர்னா கிளப்பின் சந்தா உறுப்பினன். அன்றைக்கு எங்கள் அணி இரண்டாம் பிரிவின் இருபத்திரண்டு அணிகளில் இருபதாவது. ஜூனில் விளையாட வேண்டுமென்றால் முதல் ஆறு இடத்துக்குள் வர வேண்டும். "மே மாசமே இவங்களுக்குக் கருமாதி முடிஞ்சிரும், நான் பொறுப்பு" என்று இன்னொரு துண்டு கறியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். கணக்கு வாத்தியார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீங்களும் நம்பினீர்கள்.

அதற்குப் பிறகு நடந்தது எதற்கும் கணக்கில் இடமில்லை. ஏழு ஆட்டம் வரிசையாகத் தோற்றதில் பயிற்சியாளரை அனுப்பிவிட்டார்கள், வேறு ஆள் கிடைக்காமல் இளைஞர் அணிக்காரரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள், அவர் வந்த அன்றே எங்கள் தடுப்பாட்டக்காரன் வெளியே அடிக்க நினைத்த பந்து காற்றில் திரும்பிப்போய் எதிராளியின் கோலுக்குள் விழுந்தது, ஜனவரியில் பனியில் எதிரணி கோல்கீப்பர் வழுக்கினார், மார்ச்சில் முப்பத்தாறு வயதுக் கிழட்டு முன்கள வீரன் தொடர்ந்து ஐந்து ஆட்டத்தில் கோல் போட்டான். ஊரே குதித்தது. நான் ஒருவன் மட்டும் ஒவ்வொரு கோலுக்கும் நாட்காட்டியை நினைத்துக்கொண்டு, சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி உறைந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கை செல்சோ திரும்பிப் பார்த்தான். "ஏண்டா, நாம ஜெயிச்சதுக்கு இழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்க?" என்றான். நாற்பத்தொரு வருடம் ஜெயிக்கணும் ஜெயிக்கணும் என்று கத்தியவன், இப்போது தோற்றுத் தொலையுங்கடா என்று உள்ளுக்குள் மன்றாடுகிறேன் என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது?

லீக் முடிந்தபோது ஐந்தாம் இடம். இன்னும் ஒரு அணியைத் தாண்டினால் இறுதிப் போட்டி, அதிலும் ஜெயித்தால் முதல் பிரிவு. அந்த இறுதிப் போட்டிக்கு இரண்டு ஆட்டம், இரண்டாவது எங்கள் ஊர் மைதானத்தில், அதே சனிக்கிழமை, மாலை ஆறரைக்கு. கோயில் வாசலிலிருந்து மைதானத்துக்கு நாலு நிமிட நடை. நடந்து பார்த்தேன், சம்பந்தி. இரண்டு தடவை நடந்து பார்த்தேன். ஒரு தடவை கல்யாணச் செருப்போடு.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. கல்யாணத்தன்று மழை வராமலிருக்க கிளாரா மடத்துச் சிஸ்டர்களுக்கு முட்டை கொடுப்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ள வழக்கம்தானே. போன வியாழக்கிழமை நான் யாருக்கும் தெரியாமல் இரண்டு டஜன் முட்டையோடு போய், சிஸ்டர்கள் முகம் காட்டாமல் பொருள் வாங்கிக்கொள்ளும் சுவர்ச் சுழல் பெட்டியில் வைத்து, எனக்கு மழை வேண்டும் என்றேன். சனிக்கிழமை ஆறரைக்கு, பந்து மிதக்கிற அளவுக்கு, ஆட்டம் தள்ளிப்போகிற மாதிரி. முடிந்தால் மைதானத்தின் மேல் மட்டும் பெய்யட்டும், கோயில் பக்கம் வேண்டாம் என்றும் சொன்னேன். பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு வயதான குரல் பொறுமையாகப் பேசியது.

"ஐயா, காலையிலதான் உங்க வீட்டம்மா ஒரு டஜன் கொண்டாந்து மழை வேணாம்னு சொல்லிட்டுப் போனாங்க. நீங்க ரெண்டு டஜனோட வந்து மழை வேணும்கிறீங்க. வீட்ல ரெண்டு பேரும் பேசிக்கவே மாட்டீங்களா?"

நியாயம் தெரிந்த சிஸ்டர். என் முட்டையை வைத்துக்கொள்ளாமல் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டார். வாங்கி வைத்தது ரெமெதியோஸ். அன்றிலிருந்து இன்று வரை மூன்று வேளையும் எனக்கு முட்டைப் பொரியல்தான்.

ஆகவே இப்போது பதில் சொல்கிறேன். வருவேன். சரியாக ஆறு மணிக்கு இனெஸின் கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் நடப்பேன். மைதானம் இடிந்து விழுகிற சத்தம் கேட்டாலும் திரும்ப மாட்டேன். உறுப்பினர் அட்டையை ரெமெதியோஸிடமே கொடுத்துவிட்டேன். அரையிறுதியின் கடைசி ஆட்டம் இதோ இந்த நிமிடம் வெளியூரில் நடக்கிறது. ரேடியோவைக்கூடத் தொடாமல், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். எனக்கு இருப்பது ஒரே பெண். கிளப் எனக்கு ஒன்றும் இல்லை.

பிள்ளைகள் இருவரும் நோய்நொடியில்லாமல், சண்டை போட்டால் அன்றே சமாதானமாகி, நீடூழி வாழ கடவுள் அருளட்டும். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புச் சம்பந்தி,
எமெதெரியோ

பின்குறிப்பு: தோற்றுவிட்டோம். தொண்ணூற்று மூன்றாவது நிமிடத்தில், பெனால்டியில். இறுதிப் போட்டியும் இல்லை, ஒன்றும் இல்லை. வேண்டியது கிடைத்தது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். இனெஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் அழுதிருந்தாள். இந்தக் கடிதத்தை எடுத்துக் கடைசி வரை படித்தாள். பிறகு, "அப்பா, லீக் முடிஞ்ச மறுநாளே சாமியாரைப் பார்த்து கல்யாணத்தைப் பகல் பன்னெண்டுக்கு மாத்திட்டேன். ருபேன் மண்டபத்துல பேசிட்டான். நீங்க எப்படியும் வருவீங்கன்னு தெரியும்பா. ஆனா என் கையைப் பிடிச்சு நடக்கறப்ப நீங்க கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது, என்னைப் பார்க்கணும்" என்றாள்.

உங்களிடம் சொல்ல மாப்பிள்ளைக்குப் பயமாம், நானே எழுத வேண்டுமாம். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, உங்கள் பக்கத்து ஆட்களோடு பகல் பன்னிரண்டுக்கு வந்துவிடுங்கள். பழையபடி ஆறு மணிக்கே மாற்றலாமா என்று இப்போதுதான் போன் போட்டுக் கேட்டேன், சாமியார் சம்மதிக்கவில்லை. விருந்து முடிந்ததும் சாவகாசமாக உட்கார்ந்து பேசலாம். அன்று ஆறரை மணிக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை.