மாஸ்டர் வாய் திறக்கவில்லை

ரப்பர் படகு நேராகப் பாறையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சொல்ல டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு அனுமதியில்லை.

அனுமதி மறுத்தது மகள். குடும்பத்தோடு மூன்று நாள் ஆற்றுப் பயணம் கிளம்பும்போதே பந்தயம் கட்டிவிட்டாள்.

"மூணு நாளும் யாருக்கும் எதையும் சொல்லிக்குடுக்காம இருங்கப்பா. இருந்துட்டா உங்ககிட்டயே கார் கத்துக்கறேன். இல்லன்னா எதிர்த்த ஸ்கூல்தான்."

எதிர்த்த ஸ்கூல்! மாஸ்டர் மகளே அங்கே போய்ச் சேர்ந்தால் ஊர் கைகொட்டிச் சிரிக்காதா? அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

பின்னால் துடுப்பு பிடித்திருந்த கைடுக்கு முகத்தில் பாதி கறுப்புக் கண்ணாடி, மீதி தாடி. பாறை கண்ணுக்குத் தெரிந்ததா இல்லையா என்பது கடவுளுக்கே வெளிச்சம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மாஸ்டர், திட்டுவதற்குப் பதிலாகத் தொண்டையை மட்டும் செருமினார்.

"க்க்ஹும்!"

கைடு துடுப்பைவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிட்டார். "சாரி சார், சாரி சார்!"

படகு பாறையில் மோதித் திரும்பிப் பின்பக்கமாகவே ஓடியது. மாற்றுத்துணிப் பை ஆற்றோடு போயிற்று.

"என்னங்க தொண்டைல?" என்றாள் மனைவி.

"ஈரக்காத்து."

இனி செருமுவதில்லை என்று முடிவு செய்தார். வாய் கேட்டது, கால் கேட்கவில்லை. அடுத்த சுழலைக் கண்டதும், இருபது வருஷமாகத் தன் பக்கத்து பிரேக்கை மிதித்துப் பழகிய வலது கால், படகின் தரையைத் தொம்மென்று மிதித்தது.

கைடு துடுப்பு போடுவதைச் சட்டென்று நிறுத்திவிட்டார். படகு இரண்டு பாறைக்கு நடுவில் போய்ச் சொருகிக்கொண்டது. குடும்பமே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் தள்ளியது.

"இந்தாளு பாவம், ரொம்பப் பயந்த சுபாவம் போலப்பா" என்றாள் மகள்.

'பயந்த சுபாவமா? துடுப்பு பிடிக்கவே தெரியலையே!' என்று சொல்ல வந்ததை மாஸ்டர் மென்று விழுங்கினார்.

அன்று சாயங்காலம் கரையில் கூடாரம் போட்டார்கள். கம்பு கோணலாக நின்றது. கால்மேல் கால் போட்டுக்கொண்ட மாஸ்டர், பொறுக்க முடியாமல் சாப்பாட்டுப் பெட்டிமேல் விரலால் தட்டினார். டாஷ்போர்டில் தட்டுவாரே, அதே தட்டு.

கைடு கம்பைப் பிடுங்கிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். மாஸ்டர் மறுபடி தட்டினார். கைடு மறுபடி பிடுங்கினார். கூடாரம் எழும்புவதற்குள் மழை வந்துவிட்டது. எல்லோரும் கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியில் முடங்கினார்கள்.

"நல்ல ஆளாப் பாத்துப் புடிச்சீங்க!" என்று மனைவி பல்லைக் கடித்தாள். அதற்கும் மாஸ்டரிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வழியில்லை.

கடைசி நாள் அவர் எதற்கும் துணிந்துவிட்டார். சப்பணம் போட்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, துண்டை வாயில் கடித்துக்கொண்டார். என்ன ஆச்சரியம்! படகு வெண்ணெயில் போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. பெரிய பெரிய பாறையெல்லாம் தானாகவே விலகி வழிவிட்டது. எல்லாம் தன் பொறுமைக்குக் கிடைத்த பலன் என்று மாஸ்டர் பூரித்துப்போனார்.

கரை வந்ததும் மகள் அவரைக் கட்டிக்கொண்டாள். "ஜெயிச்சுட்டீங்கப்பா! திங்கக்கிழமையே உங்ககிட்ட வந்து சேந்துடறேன்."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டார். பந்தயம் முடிந்தது, வாய்க்கு விடுதலை. உடனே கைடு பக்கம் திரும்பினார்.

"தம்பி, மனசுல வச்சுக்காதீங்க. உங்களுக்கு அடிப்படையே சரியில்ல. யாருங்க உங்களுக்குக் கத்துக்குடுத்தது?"

கைடு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். மகளை ஒருமுறை பரிதாபமாகப் பார்த்துவிட்டு, படகுக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்றுகொண்டு சொன்னார்:

"படகு நானாத்தான் கத்துக்கிட்டேன் சார். உங்ககிட்ட கத்துக்கிட்டது கார். அதுக்கப்புறந்தான், ரோடே இல்லாத வேலையாத் தேடி இங்க வந்தேன்."