பதினொரு முனை நட்சத்திரம்

காலை ஏழு மணிக்குக் கள்ளித் தோட்டத்தின் கதவைத் திறந்ததும், குடையை மாட்டிவிட்டு ஒவ்வொரு கள்ளியின் அடித்தண்டையும் விரலால் அமுக்கிப் பார்ப்பது அப்பாசாமியின் பல்லாண்டுப் பழக்கம். வைத்தியர் நாடி பார்ப்பது போல அது நடக்கும். அன்று விரல் உள்ளே போய்விட்டது.

"நாலாவதும் போச்சு," என்றார், களைப்போடு.

சுதந்திர நாளுக்கென்று நாட்டுக் கொடியின் நட்சத்திரத்தை வெள்ளைக் கூழாங்கல்லால் வரைந்து, பதினொரு முனையிலும் ஆளுயரக் கள்ளியை நிறுத்தியிருந்தார். கப்பலேறி வந்தும் வாடாத செடிகள் மழை ஓயாத காஜா பேராங் ஊர் மண்ணில் அழுகின.

"பாவம், என்னமா வாடுது!" என்று வேலிக்கு அப்பாலிருந்து மரியம் பீவி இரங்கினார்.

மழைதான் காரணம் என்று அப்பாசாமி தச்சர் மருதமுத்துவை அழைத்து அத்தாப்பு ஓலைக் கூரை போட்டார். மறுநாளும் மண் ஈரம்.

"ஏம்ப்பா, இது கூரையா சல்லடையா?"

"நானே ஏறிப் பாத்துட்டேண்ணே. பொட்டுத் தண்ணி எறங்காது."

சாரல் படாதிருக்க, மிஞ்சிய ஏழு கள்ளிகளையும் பெயர்த்துக் கூரையின் நடுவே நெருக்கி நட்டார் அப்பாசாமி.

"நட்சத்திரமாண்ணே இது? நண்டுல்ல!" என்றார் மருதமுத்து.

வேர் அறுந்து, ஈரமும் சேர்ந்து, ஆறு செத்தன. வேறு வழியின்றி மரத்தில் பத்துக் கள்ளி செதுக்கி, பச்சை பூசி, முள்ளுக்கு ஆணி அறைந்து, பழைய முனைகளிலேயே நிறுத்தினார்கள். ஒரே வாரத்தில் அவற்றில் காளான் முளைத்தது. அந்த ஆண்டு அப்பாசாமியின் கைபட்டுத் தழைத்தது அது ஒன்றுதான்.

தோட்டக் குழுவின் செயலாளர் பொன்னுதுரை காளானையே உற்றுப் பார்த்தார். "உயிருள்ளதா ஒண்டாவது இருக்கோ, அப்பாசாமி? வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் குழு வருது. ஒண்டும் இல்லையெண்டால், இது பூப்பந்துத் திடல்தான்."

புதன்கிழமை மண் காய்ந்திருந்தது. வியாழனும் அப்படியே. எஞ்சிய ஒற்றைக் கள்ளி விறைத்து நிமிர்ந்து, உச்சியில் ஒரு மொட்டும் விட்டது. அப்பாசாமி கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, பல வாரங்களுக்குப் பின் முதல் முறையாகச் சிரித்தார்.

வெள்ளி காலை ஏழு மணிக்குத் தோட்டக் கதவருகே மரியம் பீவி நின்றிருந்தார். கண்கள் கலங்கியிருந்தன. காலடியில் வெறும் வாளிகள் மூன்று.

"என்னக்கா, உடம்புக்கு என்ன?"

"என்னை மன்னிச்சிரு தம்பி. தினம் விடிகாலைல சுபுஹு தொழுததும், பாலைவனத்துச் செடியாச்சே, தாகமா இருக்கும்னு வேலியைத் தாண்டி வந்து ஆளுக்கு ஒரு வாளி ஊத்திருவேன். ரெண்டு நாளாக் காய்ச்சல், எந்திரிக்க முடியல. புள்ளைங்க தவிச்சுப் போயிருக்கும். அதான், விட்டுப்போனதையும் சேத்து இன்னைக்கு மும்மூணு வாளி ஊத்திட்டேன்."