பெற்றோரில் முதலில் இருப்பவர்

“மாப்ளே, ஒம்ம ஆப் எம் மகளை ஒமக்குத் தங்கச்சின்னுல்லா காட்டுது?”

உடன்குடி வன்னியராஜ் போனில் இப்படிக் கேட்டபோது, செந்தில்முருகன் பாளையங்கோட்டை ஆபீசில் உட்கார்ந்து வடையைக் கடித்திருந்தான். வடை தொண்டையிலேயே நின்றுவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வன்னியராஜின் மகள் முத்துராணிக்கும் அவனுக்கும் நிச்சயதார்த்தம்.

“மாமா, வெளையாடாதீங்க.”

“நான் எதுக்குவே வெளையாடுதேன்? நம்ம உறவின்முறைச் சங்கத்துக்கு ஆப் செஞ்சதே நீருதான். அதுலயே அண்ணன் தங்கச்சின்னு வந்தா ஊர்ல நாலு பேரு என்ன பேசுவான்? சரி பண்ணும். அவசரம் ஒண்ணும் இல்ல, பைய பாரும்.”

நிச்சயத்தை நாலு நாளில் வைத்துக்கொண்டு அவசரம் இல்லை என்று சொல்கிற மாமனார் யாருக்கு வாய்ப்பார்? செந்தில்முருகன் உருகிப்போனான்.

முத்துராணி அவனுக்கு முறைப்பெண்தான். அவள் அம்மா சுடலைவடிவு, இவன் அப்பாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஆழ்வார்திருநகரியில் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசம் என்று நினைத்து ரசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டான் செந்தில்முருகன். எதிர் இலையில் இருந்த முத்துராணி சிரித்தாள். அவ்வளவுதான், பையன் விழுந்துவிட்டான். அதற்கு முன் பார்த்த இடமெல்லாம் ஜாதகத்தில் தட்டிப்போயிருந்தன. இவளும் தட்டிப்போனால் தாங்கமாட்டான். அது அவனுக்கே தெரியும்.

“தஸ்மியா, கொஞ்சம் இங்கன வா.”

தஸ்மியா அதே ஆபீசில், இவன் எழுதுவதில் ஓட்டை கண்டுபிடிக்கிற வேலையில் இருப்பவள். மேலப்பாளையத்துக்காரி, வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

“ஆப் எப்படி முறை சொல்லுது?” என்று கேட்டாள்.

“சர்வர்ல ஆளுக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கத்துல சொந்தக்காரங்க பேர் இருக்காது, அவங்க பக்கத்துக்கு லிங்க்தான் இருக்கும். குலசாமி சாஸ்தா கோயிலுக்கும் ஒரு லிங்க். ரெண்டு பேருக்கும் ஒரே சாஸ்தான்னா பங்காளி. அண்ணன் தங்கச்சி. சாஸ்தா வேறன்னா சம்பந்தம் பண்ணலாம்.”

“பிள்ளைங்களுக்கு எந்த சாஸ்தா?”

“அப்பாவோடது. பெற்றோர்னு ஒரு இடம் இருக்கு, அதுல முதல்ல இருக்கவரோட லிங்க்கைப் பிடிச்சுப் போகும்.”

“முதல்ல அப்பாதான் இருப்பாருன்னு யாரு சொன்னா?”

செந்தில்முருகன் முத்துராணியின் பக்கத்தைத் திறந்தான். பெற்றோர் என்ற இடத்தில் முதல் லிங்க் சுடலைவடிவுக்குப் போனது. படிவத்தை நிரப்பியவள் அவள். தன்னைத்தான் முதலில் போட்டிருந்தாள். அந்த வீட்டு நடப்பைப் பார்த்தவர்கள் யாரும் அதைத் தப்பென்று சொல்லமாட்டார்கள். ஆப் அம்மாவின் பிறந்த வீட்டுச் சாஸ்தாவை மகளுக்கும் கொடுத்துவிட்டது. அது செந்தில்முருகனின் சாஸ்தா.

“இவ்வளவுதானா! கல்யாணம் ஆன பொம்பளைக்குப் புருஷன் கோயில்தானே? எல்லாருக்கும் மாத்திவிட்டுருதேன்.”

“யோசிச்சுச் செய்,” என்றாள் தஸ்மியா. அதற்குள் அவன் மாற்றிவிட்டிருந்தான். தங்கச்சி என்பது முறைப்பெண் என்று மாறியது. மீதி வடையை நிம்மதியாகத் தின்றான்.

மறுநாள் காலையில் வன்னியராஜே கூப்பிட்டார்.

“மாப்ளே, எம் மக விசயம் சரியாயிட்டு. இப்ப எம் பொஞ்சாதி எனக்குத் தங்கச்சின்னு வருதுவே!”

செந்தில்முருகன் கணக்குப் போட்டுப் பார்த்தான். பெண்டாட்டிக்கும் புருஷனுக்கும் ஒரே சாஸ்தா. ஒரே சாஸ்தா என்றால் அண்ணன் தங்கச்சி. சங்கத்தில் உள்ள அத்தனை தம்பதிகளையும் அவன் ஒரே ராத்திரியில் உடன்பிறப்புகள் ஆக்கியிருந்தான்.

போன் கைமாறியது. சுடலைவடிவு.

“ஏலே, வெளங்குவியாலே நீ? எங்கூடப் பொறந்த மாரிசெல்வத்தை எனக்கு முறைமாப்பிள்ளைன்னுல்லா போட்டுருக்கு! அவன் பொஞ்சாதி விடிஞ்சதுலேந்து என்கிட்ட முகங்குடுத்துப் பேசல.”

“அத்தை, சாயங்காலத்துக்குள்ள…”

“நல்லாப் பண்ணினே போ!”

பதற்றத்தில் கையும் ஓடாது, காலும் ஓடாது என்பார்கள். செந்தில்முருகனுக்குக் கை மட்டும் ஓடியது, அதுதான் வினை. பழையபடி எல்லாவற்றையும் திருப்பிவைத்தான். முத்துராணி திரும்பவும் தங்கச்சி ஆனாள். அவள் பக்கத்தை மட்டும் அழித்து, அப்பாவை முதலில் போட்டுப் புதிதாக எழுதிவிடலாம் என்று அழித்தான்.

அழித்த பிறகுதான் ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு பக்கத்தை அழித்தால் அதிலிருந்து லிங்க் போகிற பக்கங்களும் சேர்ந்து அழியட்டும், குப்பை சேராது என்று எழுதிவைத்த மகாராசனும் அவனேதான்.

முத்துராணி போனாள். லிங்க்கைப் பிடித்து வன்னியராஜும் சுடலைவடிவும் போனார்கள். மாரிசெல்வம் போனார். சங்கத் தலைவர் தளவாய் போனார். பிறகு வள்ளியூர்ச் சொந்தம் முழுக்கப் போய், கடைசியில் திரையில் ஒரு வரி வந்தது: ‘செந்தில்முருகன் என்று எவரும் இல்லை.’

தளவாய் போனில் சத்தம் போட்டார். “ஏலே, நான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன், இல்லன்னு போடுதியே! எம் மச்சினன் பம்பாயிலேந்து அழுதுக்கிட்டே கூப்பிடுதான்லே!”

வன்னியராஜ் மட்டும் கோபப்படவில்லை. “இருந்துட்டுப் போவுது மாப்ளே. நிதானமாப் பாரும். ஆனா ஆப் சரியாவாம நிச்சயம் வைக்க முடியாது. எனக்கு மனசு ஒப்பல.”

வெள்ளிக்கிழமை அவன் சாப்பிடவே இல்லை. தஸ்மியா, அழிவதற்கு முன் எடுத்துவைத்திருந்த பிரதியிலிருந்து எல்லோரையும் உயிரோடு மீட்டாள். பிறகு அவன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“முதல்ல இருக்கது, ரெண்டாவது இருக்கதுன்னு ஆளை அடையாளம் சொல்லாத. அப்பான்னு ஒரு லிங்க், அம்மான்னு ஒரு லிங்க். பொம்பளைக்குப் பொறந்த வீட்டுக் கோயில் ஒண்ணு, புகுந்த வீட்டுக் கோயில் ஒண்ணு. பொறந்த வீட்டை வச்சு முறையைப் பாரு. ஒரு பக்கம் அழிஞ்சா லிங்க் மட்டும் அறுபடட்டும், ஆளுங்க இருக்கட்டும்.”

“நீ இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?”

“நீ எங்க வாயைத் தொறக்க விட்ட?”

சனிக்கிழமை காலை எல்லாம் சரியானது. தம்பதிகள் தம்பதிகள் ஆனார்கள், மாரிசெல்வம் தம்பி ஆனார். முத்துராணியின் பெயருக்கு நேரே ‘முறைப்பெண்’ என்று வந்ததைப் பார்த்துச் செந்தில்முருகனுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமாவுக்குப் போன் போட்டான், எடுக்கவில்லை. நேரிலேயே காட்டிவிடலாம் என்று பைக்கை எடுத்துக்கொண்டு உடன்குடிக்குப் பறந்தான்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஆசியா உம்மாள் வாசலுக்கு வந்தாள்.

“யாரு மக்கா?”

“நான் செந்தில்முருகன். நாளைக்கு முத்துராணியை நிச்சயம் பண்ணப்போற மாப்பிள்ளை. மாமா எங்க?”

ஆசியா உம்மாள் பூட்டைத் திரும்பிப் பார்த்தாள். அவனுக்குத்தான் பொறுக்கவில்லையே, போனை நீட்டினான்.

“இங்க பாருங்கம்மா, முறைப்பெண்! மாமா மனசுல இருந்த குறை தீர்ந்துது. எல்லா லிங்க்கும் சரியாயிட்டு.”

அவள் போனைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னாள்:

“நீ முறைமாப்பிள்ளைன்னு அண்ணாச்சிக்குத் தெரியாதா மக்கா? துபாய் மாப்பிள்ளை வருவானா மாட்டானான்னு தெரியுற வரைக்கும் ஒன்னை விட்டுரவும் கூடாது, நிச்சயம் பண்ணவும் கூடாதுன்னுதான் அந்த ஆப்பைச் சாக்கு வச்சுக்கிட்டு இருந்தாவ. அவன் நேத்து வந்து எறங்கிட்டான், இன்னைக்கு வள்ளியூர் மண்டபத்துல நிச்சயம்.”