உருளிக்கு வந்த ஆபத்து

"ணங்ங்ங்ங்..."

கண்ணைத் திறக்காமலே பாக்கியராஜ் கண்டுபிடித்துவிட்டார். பித்தளை என்றால் 'டண்' என்று சுருக்கமாகப் பேசி நிறுத்திக்கொள்ளும். இது இழுக்கிறது. வெண்கலம்! தாமிரத்தோடு வெள்ளீயம் சேர்ந்தால் அப்படித்தான், ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை சொல்லும்.

மில்லில் ராத்திரி ஷிப்டு முடித்து வந்து படுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எழுந்து போனார். மனைவி செபஸ்தியம்மாள் பரணிலிருந்து அந்த அகலவாய்ப் பாத்திரத்தை, உருளியை, இறக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு செபஸ்தி இது?"

"பாத்திரக் கடையில போட்டுட்டு நான்ஸ்டிக் எடுத்துட்டு வாரேன்."

"நம்ம கல்யாண உருளியவா?"

"கருத்துப் போயிக் கெடக்கு. உங்களை மாதிரியே சும்மா உக்காந்து எடத்தை அடைக்குது."

மறுவீடு முடிந்து வத்தலக்குண்டு பஸ்ஸில் வரும்போது, புதுப்பெண் அந்த உருளியை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தாள். பள்ளத்துக்குப் பள்ளம் வளையல் இடித்து உருளி மணியடிக்க, பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இன்றைக்கு அந்தச் சத்தத்துக்காகவே அதே பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வரலாம் போலிருந்தது.

"ஏம்மா, இதுல குழம்பு வச்சா சாயங்காலம் வரைக்கும் சூடு நிக்கும். பித்தளைன்னா உள்ள ஈயம் பூசணும். இதுக்கு அதுவும் வேணாம்."

"அம்புட்டும் தெரியுது. தேய்க்க மட்டும் தெரியல. கோயிலுக்குப் போயிட்டு வாரேன், வந்ததும் கடைக்குத்தான்."

நேராகப் பேசினால் ஜெயிக்க முடியாது. வெண்கலத்தைக் காப்பாற்றக் கொஞ்சம் பித்தலாட்டம் வேண்டும். திட்டம் உதித்தது. கல்யாணத்தன்று இருந்தது போல உருளியை மின்ன வைத்துவிட்டால், எந்தப் பெண்ணுக்குக் கடையில் போட மனசு வரும்?

கொல்லையில் ஒரு கிண்ணம் புளி ஏற்கெனவே ஊறிக்கொண்டிருந்தது. நம்ம அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டார். உப்பும் புளியும் போட்டுத் தேய்த்தார். விரல் தோல் உரிந்தது. களிம்புக்கு அடியிலிருந்து புள்ளி புள்ளியாக எழுத்துகள் எழுந்து வந்தன. 'செபஸ்தியம்மாள்' என்ற பெயரே விளிம்பை முக்கால் வட்டம் சுற்றிவிட்டதால், மாப்பிள்ளைக்கு இடமில்லாமல் 'பா' மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் அழுத்தித் தேய்த்தார். கண் கொஞ்சம் கலங்கியது. புளித்தண்ணி தெறித்திருக்கும்.

செபஸ்தியம்மாள் திரும்பி வந்தாள். உருளியைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"ஆத்தாடி, இதையா போடப் பாத்தேன்! வேணாங்க. வேணும்னா அந்தப் பித்தளைக் குடத்தைப் போட்டுருவோம்."

"குடமா? செத்த நேரம் பொறு!" பாக்கியராஜ் பாய்ந்து குடத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினார். கெட்டிக்கார மூளை, இதையும் காப்பாற்றிவிடலாம்.

பக்கத்து வீட்டு வியாகுலம்மாள் வாசலில் அழுதுகொண்டு வந்தது அங்கே நன்றாகவே கேட்டது.

"அக்கா, நீ சொல்லிக் குடுத்த மாதிரித்தான் சொன்னேன், அண்டாவைக் கடையில போடப் போறேன்னு. எந்திரிச்சு வந்து தேய்ப்பாருன்னு பாத்தா, அந்த மனுசன் நெசமாவே தூக்கிட்டுப் போயிப் போட்டுட்டாரு!"

"ஆளைப் பாத்துச் சொல்லணும்டி. உன் வீட்டுக்காரரு எவர்சில்வரு, ஒண்ணும் ஒட்டாது. எங்க வீட்டுல இருக்கது பழைய பித்தளை. திருவிழாவுக்குத் திருவிழா கொஞ்சம் புளி காட்டுனாப் போதும்."

பாக்கியராஜ் தேங்காய் நாரில் இன்னும் கொஞ்சம் புளியை எடுத்து, குடத்தின் கழுத்திலிருந்து ஆரம்பித்தார்.